தொலைந்தவனுக்கு ஓர் இலை

எங்கள் சகாதேவன் மாமாவைப் பற்றி யாராவது எழுதுவதென்றால் நான்தான் எழுத வேண்டும். அவர் மேல் எனக்கு இருக்கிற கோபம் வேறு யாருக்கும் கிடையாது.

அவர் என் அக்கா சரசுவின் புருஷன். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் முருகவேல். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஸ்கூட்டர் வாடகைக்கு விடுகிறேன். என்னிடம் வண்டி எடுப்பவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டுக்காரர்கள். 'நான் யார்' என்று கண்டுபிடிக்க விமானம் ஏறி வருகிறார்கள். கண்ணை மூடி உட்காருகிறார்கள், காபி குடிக்கிறார்கள், என் வண்டியை எங்காவது கீறி வைக்கிறார்கள், அப்புறம் நிம்மதியாக ஊர் போய்ச் சேருகிறார்கள். எங்கள் மாமாவும் அதே கேள்வியைத்தான் கேட்டார். அவருக்குப் பதிலே கிடைத்தது. கிடைத்து என்ன பிரயோசனம்?

மாமாவின் அப்பா சடையன், தீபத் திருவிழாவில் தொலைந்துபோன பிள்ளை. வெள்ளைக்காரன் ஆட்சி முடிகிற சமயம் அது. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து மாட்டுவண்டி கட்டிக்கொண்டு தீபம் பார்க்க வருவார்கள். அப்படி எங்கிருந்தோ வந்த வண்டியிலிருந்து இறங்கிய குழந்தை, கூட்டத்தில் கைவிட்டுப்போய், மலை சுற்றுகிற ஜனத்தோடு ஜனமாக நடந்து, அடி அண்ணாமலை கிராமத்தில் ஒரு குடியானவரின் களத்தில் வைக்கோல் மேல் படுத்துத் தூங்கிவிட்டது. எழுப்பிக் கேட்டதற்குப் பேர் சடையன் என்றது. ஊர்ப்பேர் சொல்லத் தெரியவில்லை. ஊரில் ஆறு ஓடும் என்றது. கோயிலில் பெரிய மண்குதிரை நிற்கும், அது திரும்பிப் பார்க்கும் என்றது. அவ்வளவுதான். கூட்டம் கலைந்த பிறகும் யாரும் தேடி வரவில்லை. வந்திருக்கலாம், மலைக்கு அந்தப் பக்கமே தேடிவிட்டு அழுதுகொண்டு போயிருக்கலாம். யார் கண்டது?

அந்தக் குடியானவர் பிள்ளையை வைத்துக்கொண்டார். புண்ணியத்துக்கு வளர்க்கிறேன் என்று ஊரில் சொல்லிக்கொண்டார். மாடு மேய்க்க ஆள் கிடைத்தது என்பதுதான் நிஜம். சரி, குறை சொல்லக் கூடாது, வயிறாரச் சோறு போட்டார், வளர்ந்ததும் ஒரு பெண்ணைப் பார்த்துக் கட்டியும் வைத்தார். ஆனால் அவருடைய பங்காளிகள் சடையனைக் கடைசிவரை தங்களோடு சேர்க்கவில்லை. அவர்கள் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கும்போது, "நீ அப்பால நில்லு" என்று சொல்லிவிடுவார்கள். குடும்பம் குட்டி என்று ஆன பிறகும் சடையன் அப்பால்தான் நின்றார்.

தன் பிறந்த வீட்டிலிருந்து அவர் கொண்டுவந்த வழக்கம் ஒன்றே ஒன்று. சுரைக்காய் மேல் கத்தி வைக்கக் கூடாது. ஏன் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. "எங்கம்மா வெட்டமாட்டா" என்பார். கிழவருக்குச் சுரைக்காய் பிடிக்கவில்லை, அதற்கு ஒரு சாக்கு என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம். அக்கா கல்யாணமாகிப் போன புதிதில் தெரியாமல் சுரைக்காய்க் கூட்டு வைத்து, மாமனாரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

பின்னே அந்த வீட்டில் எங்கள் அப்பா எப்படிப் பெண் கொடுத்தார் என்று கேட்பீர்கள். கவர்மெண்ட் வேலைங்க! தோல்பையும் விசிலுமாக மாப்பிள்ளை வந்து நின்றால் குலமாவது கோத்திரமாவது. எங்கள் அப்பா கேட்ட ஒரே கேள்வி, பென்ஷன் உண்டா என்பது.

சடையன் செத்த அன்று ஒன்றும் ஆகவில்லை. கருமாதியன்றுதான் ஆயிற்று. எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்தால் பங்காளிகள் அத்தனை பேரும் மொட்டை போட வேண்டும். அந்த வரிசை எவ்வளவு நீளமோ, செத்தவருக்கு அவ்வளவு மரியாதை. ஏரிக்கரையில் நாவிதர் பலகையைப் போட்டுவிட்டு, "பங்காளிங்கல்லாம் வந்து வரிசையா உக்காருங்க" என்று கூப்பிட்டார். மாமா மட்டும் உட்கார்ந்தார். நாவிதர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, "வேற யாரும் இல்லீங்களா?" என்றார். வளர்த்த வீட்டுக்காரர்கள் கரைமேல் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அதில் ஒருவன், "எவன் பெத்ததோ, அதுக்கு எவன் மொட்ட போடுவான்" என்று சொன்னது எங்கள் காதிலேயே விழுந்தது. நான் அவனை அடிக்கப் பாய்ந்தேன். மாமா குனிந்த தலையை நிமிர்த்தாமலே, "உடு மச்சான். அவன் சொல்றதுல தப்பு இன்னா இருக்குது?" என்றார். அந்த வார்த்தையை அவர் விழுங்கிவிட்டார். செரிக்கத்தான் இல்லை.

அதனால்தான் கவிநிலாவின் கல்யாணத்தில் பொய் சொன்னோம். கவிநிலா அவர்களுக்கு ஒரே பெண். கல்லூரியில் கூடப் படித்த ஆதவன் என்ற பையனோடு அவளுக்குப் பழக்கம். நல்ல பையன், போளூரில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறான். அவனுடைய அப்பா பரசுராமன் அங்கேயே உரக்கடைக்காரர். மனிதர் பெண் பார்க்க வந்து உட்கார்ந்ததும் முதலில் கேட்டது, "பூர்வீகம் எதுங்க? குலதெய்வம் எதுங்க?" என்றுதான். குலதெய்வம் ஒன்றென்றால் பங்காளி, பையனும் பெண்ணும் அண்ணன் தங்கை முறை ஆகிவிடும். யாராக இருந்தாலும் கேட்பார்கள்தான்.

மாமா எச்சிலை விழுங்கிக்கொண்டு, "பூர்வீகம் இதே அடி அண்ணாமலைதாங்க. எங்களுக்கு எல்லாமே அண்ணாமலையார்தான்" என்றார்.

பரசுராமன் சிரித்தார். "அவரு ஊருக்கே சாமியாச்சே! எங்களுக்குப் பச்சையம்மங்க."

இந்த ஜில்லாவில் தடுக்கி விழுந்தால் பச்சையம்மன் கோயில். எந்த ஊர்ப் பச்சையம்மன் என்று நாங்கள் கேட்கவில்லை. தொலைந்த பிள்ளை கதையை அவர்களிடம் சொல்லவும் இல்லை. பெண்ணைப் பெற்ற எவன் போய், என் அப்பா யார் பிள்ளையோ தெரியாது என்று சொல்வான்?

கல்யாணச் சமையலுக்கு ஆள் பேசப் போனபோது நானும் இருந்தேன். சமையல்காரர், "முத நாள் ராத்திரிக்கு சுரைக்கா கூட்டு வெச்சிடலாமா?" என்று கேட்க, பரசுராமனும் மாமாவும் ஒரே நேரத்தில், "அய்யே, அது வேணாம்!" என்றார்கள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "எங்க வூட்ல அத சேக்கறதில்லீங்க" என்றார் பரசுராமன். "எங்கப்பாவுக்கும் ஆவாது சம்பந்தி!" என்றார் மாமா. "பாத்தீங்களா, இதுல கூடப் பொருத்தம்!" என்று நான்தான் பெரிய அறிவாளி மாதிரி சொன்னேன். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சமையல்காரரும் சேர்ந்து சிரித்தார்.

கல்யாணம் ஜோராக நடந்தது. அடுத்த வருஷம் மாமா ஓய்வு பெற்றார்.

ஓய்வு பெற்றவர்கள் என்னென்னவோ செய்கிறார்கள். காலையில் நடக்கிறார்கள், பேப்பர் படித்துவிட்டு அரசாங்கத்தைத் திட்டுகிறார்கள், பௌர்ணமிக்கு மலை சுற்றுகிறார்கள். எங்கள் மாமா குதிரை தேடக் கிளம்பினார். கையில் இலவச பஸ் பாஸ் இருக்கிறதே! பையில் தண்ணீர் பாட்டிலும் முறுக்கும் போட்டுக்கொண்டு, செய்யாற்றின் கரையோர ஊர்களுக்கெல்லாம் போய் இறங்குவார். பச்சையம்மன் கோயில், மன்னார்சாமி கோயில், ஐயனார் கோயில் எதையும் விடவில்லை. போய், "இங்க திரும்பிப் பாக்கற குதிர ஏதாச்சும் இருக்குதாங்க?" என்று கேட்பார். சில ஊரில் பைத்தியம் என்றார்கள். ஓர் ஊரில் சிலை திருடன் என்று சந்தேகப்பட்டுப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். நான்தான் ஸ்கூட்டரில் போய் மீட்டுக்கொண்டு வந்தேன்.

"மாமா, உங்களுக்கு இதெல்லாம் தேவையா?" என்று வழியெல்லாம் திட்டினேன்.

"உனக்கு இன்னா மச்சான் தெரியும். போற எடத்துல எல்லாம் டீ வாங்கிக் குடுத்து அவங்க கதைய சொல்றாங்க. கேட்டுக்கினே இருக்கலாம்" என்றார். பிடித்து உட்கார வைத்திருந்த ஊர்க்காரர்களே கடைசியில் அவருக்கு மோர் கொடுத்து வழியனுப்பினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த இரண்டு மூன்று வருஷத்தில்தான் மனிதர் மனிதராக இருந்தார். சர்வீஸ் முழுக்கச் சிடுசிடுவென்று இருந்தவர் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார். முட்டிவலி கம்மியாயிற்று என்றார். செல்போன் முழுக்கக் குதிரைப் படம். எந்த ஊரில் யாருக்கு யார் பங்காளி, எந்தக் குடும்பம் எங்கிருந்து எங்கே போயிற்று என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கல்யாணம் பேசுகிறவர்கள் அவரிடம் வந்து விசாரிக்க ஆரம்பித்தார்கள். கூடத்தில் ஒரு சார்ட் பேப்பர் ஒட்டி வைத்திருந்தார். கீழே கவிநிலா, அதற்கு மேலே அவர், அதற்கு மேலே சடையன், அதற்கு மேலே ஒரு கேள்விக்குறி.

அக்காவுக்கு அதைப் பார்த்தாலே எரியும். "வூட்ல இருக்கறவள பாக்க நேரமில்ல, செத்துப்போனவங்கள தேடறாரு" என்பாள். அவர் சிரிப்பார்.

போன ஆனி மாதம், கூட வேலை பார்த்த டிரைவர் ஒருவர் போன் செய்து, அப்படி ஒரு குதிரையை ஆற்றோரம் ஓர் ஊரில் பார்த்த ஞாபகம் இருக்கிறது என்றார். பஸ் போகாத ஊர். பேர் வேண்டாம், அந்த ஊரின் மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. மாமாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு நான்தான் போனேன்.

பச்சையம்மன் கோயில். புங்க மரத்தடியில் குதிரைகள் வரிசையாக நின்றன. எல்லாம் நேராகப் பார்த்தன. கடைசிக் குதிரை மட்டும் கழுத்தை வளைத்து, வந்த வழியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. வண்டியை நிறுத்துவதற்குள் மாமா குதித்து இறங்கி ஓடினார். அதன் காலைக் கட்டிக்கொண்டு, "எப்பா, எப்பா" என்று அழுதார். அறுபது வயதைத் தாண்டியவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

சத்தம் கேட்டுப் பூசாரி வந்தார். மாமா மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினார். தீபம், சடையன், ஆறு, அடி அண்ணாமலை, தன் கண்டக்டர் வேலை, எல்லாம். பூசாரி பக்கத்து வீட்டுக்குப் போய் ஒரு பழுத்த கிழவியைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். ஆராயி என்று பேர். சடையனுக்குச் சித்தப்பா மகளாம். கூடச் சேர்ந்து விளையாடியவளாம். கிழவி மாமாவின் முகத்தை இரண்டு கையாலும் தடவினாள்.

"அதே நெத்திடா. அதே காதுடா. பாவி, தீபத்துக்குப் போன வண்டி அவன் இல்லாம வந்துச்சே! அவனோட அண்ணங்காரன்தான் கையப் புடிச்சிக்கினு போனான். கூட்டத்துல கை வுட்டுப் போச்சு. நான் உனக்கு அத்தைடா!"

அத்தை! மாமாவுக்கு அந்த வயதில் ஓர் அத்தை கிடைத்தாள். அவளே சுரைக்காய் கதையையும் சொன்னாள். எப்போதோ ஆற்றில் வெள்ளம் வந்தபோது, அவர்கள் வம்சத்துத் தாய் ஒருத்தி சுரைக்குடுக்கையைப் பிடித்துக்கொண்டு பிள்ளையோடு கரையேறினாளாம். அன்றிலிருந்து அந்த வம்சத்தில் யாரும் சுரைக்காய் மேல் கத்தி வைப்பதில்லை. "எங்கப்பா சொல்லுவாரு அத்தே, எங்கப்பா சொல்லுவாரு" என்று மாமா சின்னப் பிள்ளையாகக் குதித்தார். எனக்கு மட்டும் குதிக்கத் தோன்றவில்லை. சமையல்காரர் கேட்டதும் இரண்டு சம்பந்திகளும் ஒரே குரலில் வேண்டாம் என்றதும் ஞாபகத்துக்கு வந்தது.

பூசாரி இன்னொன்றும் சொன்னார். "ஆடி மாசப் பொங்கலுக்கு, தொலஞ்ச புள்ளைக்குன்னு ஒரு எல போடறோம். வருசம் தவறுனதில்ல. பங்காளிங்க யாரும் அதத் தொடக் கூடாது. வழியில போற அசலார் யாரையாவது கூப்ட்டு உக்கார வெப்போம். நம்ம புள்ளைக்கு எங்கியோ ஒரு அசலார்தான சோறு போட்டிருப்பாங்க, அதுக்குத்தான்."

பூசாரி போனை எடுத்தார். "இருங்க, உங்க பெரியப்பா மவனுக்கு போன் போடறேன். அந்தக் கை வுட்ட அண்ணன் இருந்தாரே, அவரு மவன். இப்ப போளூர்ல இருக்கறாரு. பரசுராமன்னு உரக்கட வெச்சிக்கிறாரு."

மாமா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பூசாரி கையிலிருந்து போனைப் பிடுங்கி, "இப்ப வேணாங்க, அப்புறம் பேசிக்கலாம்" என்று உளறினேன். ஆனால் ஆராயி அதற்குள் தெருவில் இறங்கி, "தொலஞ்சவன் புள்ள வந்துட்டான்! கண்டக்டரு! அடி அண்ணாமலையாம்!" என்று கத்திக்கொண்டே வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அக்கா தலையிலடித்துக்கொண்டாள். "குதிர தேடிப் போனீங்களே, இப்ப எம்பொண்ணு வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே! உங்கள யாரு கேட்டா? உங்கப்பன் யாருன்னு தெரியாம நான் உங்களுக்கு ஆக்கிப் போடலியா?"

கவிநிலா அப்போது முழுகாமல் இருந்தாள். அதையும் சொல்லிவிடுகிறேன்.

பரசுராமன் மறுநாள் தனியாக வந்தார். காபியைத் தொடவில்லை. கூடத்துச் சார்ட்டில் சடையன் என்ற பேரையே பார்த்துக்கொண்டிருந்தார். மனிதர் அழுதுவிட்டார்.

"எங்கப்பா சாவுற வரைக்கும் தம்பி தம்பின்னே பொலம்புனாரு. கை வுட்டவரு அவருதான். அந்த எலைய போட ஆரம்பிச்சதும் அவருதான். இப்ப நானு போடறேன்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பங்காளிங்க எல்லாம் ஒரே புடியா நிக்கிறாங்க. அண்ணன் தங்கச்சியக் கட்டி வெச்சிக்கிறியேன்னு காறித் துப்பறாங்க. பொண்ண தாய்வூட்டுக்கு அனுப்பிச்சுடு, இல்லன்னா உங்குடும்பத்துக்கு இங்க பொங்கலும் இல்ல, நாள பின்ன உன் சாவுக்கு எவனும் வரமாட்டோம்னு சொல்லிட்டாங்க."

"ஆதவன் இன்னா சொல்றான்?" என்று கேட்டேன்.

"அவன் அவள உடமாட்டான். ஆனா எத்தன நாளு? ஊரே வாய்க்கு வந்தபடி பேசும். பொறக்கப் போற கொழந்தையையும் பேசும்." அவர் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "சம்பந்தி, நீங்க அந்தத் தொலஞ்சவரு புள்ளையா இல்லாம இருந்தா நல்லா இருக்குங்க."

நான் கத்தினேன். எந்தக் காலத்தில் இருக்கிறீர்கள், தெரியாமல் நடந்ததற்குப் பிள்ளைகள் என்ன செய்வார்கள், பங்காளியாவது மண்ணாங்கட்டியாவது என்றெல்லாம் கத்தினேன். கத்தி என்ன? கருமாதியன்று பங்காளி இல்லாமல் ஒற்றை ஆளாக உட்கார்ந்தவர் எதிரில் நின்றுகொண்டு, பங்காளி வேண்டாம் என்று பரசுராமனிடம் சொல்ல எனக்கே நாக்கு எழவில்லை.

சாயங்காலம் கவிநிலா போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டோம். அழவில்லை. "அப்பா, நீங்க யாரு புள்ளன்னு எனக்குத் தேவையில்ல. நான் யாரு பொண்டாட்டின்றதுதான் எனக்குத் தேவ. நீங்களே தேடிப் போய் கெடுத்தீங்க, நீங்களே சரி பண்ணுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மாமா எழுந்துபோய்ச் சார்ட்டைச் சுவரிலிருந்து உரித்தார். பசை போட்டு ஒட்டியது, சுவரின் சுண்ணாம்பும் சேர்ந்து வந்தது.

ஆடிப் பொங்கலன்று போனோம். பங்காளிகள் அத்தனை பேரும் கூடியிருந்தார்கள். எவ்வளவு பெரிய கூட்டம்! மாமா வாழ்நாளெல்லாம் ஏங்கிய வரிசை. எல்லாருக்கும் அதே அகல நெற்றி, அதே மடங்கிய காது. அவர் அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். சிலர் அவரைப் பார்த்துவிட்டுக் குசுகுசுத்தார்கள். கவிநிலா ஆதவன் பக்கத்தில் தலை குனிந்து நின்றாள்.

பெரியவர் ஒருவர் அம்மன் எதிரில் கல்லின் மேல் கற்பூரத்தை ஏற்றினார். "நீ தொலஞ்சவன் புள்ள இல்லன்னா கற்பூரத்த அடிச்சி சத்தியம் பண்ணு. ஆமான்னா ஆமான்னு சொல்லு. அம்மா பாத்துக்கினு இருக்கறா."

மாமா சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டார். "எங்கப்பா அடி அண்ணாமலையில பொறந்தவரு. தொலஞ்ச புள்ள அவரு இல்ல. எனக்கும் இந்தக் கோயிலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல. இது சத்தியம்." உள்ளங்கையால் எரிகிற கற்பூரத்தை அடித்து அணைத்தார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஆராயி வந்தாள். "அப்ப அன்னிக்கு இன்னாடா சொன்ன? குதிர காலக் கட்டிக்கினு அழுதியே, அது இன்னாது?"

இதை நாங்கள் யோசிக்கவில்லை. மாமா என்னைப் பார்த்தார்.

"பொய் சொன்னேம்மா" என்றார். "தொலஞ்ச புள்ள கத எனக்கு வேற எடத்துல காதுல வுழுந்துச்சு. அவன் வாரிசுன்னு சொன்னா நெலத்துல பங்கு கெடைக்கும்னு ஆசப்பட்டேன்."

பங்காளிகள் கொதித்துவிட்டார்கள். "அடத் தூ! பிராடுக்காரன்!" என்று ஒரே கூச்சல். ஆராயி அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள், அன்று தடவிய அதே முகத்தை. பிறகு குனிந்து கைநிறைய மண்ணை அள்ளி அவர் மேல் எறிந்தாள். "எங்க புள்ள பேர வெச்சா பொழைக்கப் பாத்த? நீ நல்லா இருப்பியா?" என்று மாரடித்துக்கொண்டு அழுதாள். சடையன் அவளுக்கு இரண்டாவது தரம் தொலைந்தான். மாமா கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். மண்ணைத் தட்டிவிடவும் இல்லை.

பரசுராமன்தான் எல்லாரையும் அடக்கினார். "உடுங்க, உடுங்க, ஆசையில சொல்லிட்டாரு. இப்ப தெளிவாயிடுச்சு இல்ல? சம்பந்தி அசலார்தான். ஆவற வேலையப் பாருங்க." குரல் தேவைக்கு மேல் ஓங்கி இருந்தது. அவருக்குத் தெரியும். தெரியாமலா இருக்கும்? பிள்ளைக்காகத் தெரியாதவராக நின்றார். என் மாமாவும் பெண்ணுக்காகத்தான் நின்றார், ஆனால் மண் இவர் மேல் மட்டும்தான் விழுந்தது.

படையல் முடிந்து பந்தி போட்டார்கள். குதிரைக்கு எதிரில் தனியாக ஓர் இலை போட்டு, பொங்கலும் கறிக்குழம்பும் வடையும் பரிமாறினார்கள். பூசாரி வழக்கம்போல அசலார் யாராவது வருகிறார்களா என்று வழியைப் பார்த்தார். வெயில் நேரம், வழியில் ஆள் இல்லை. பெரியவர்தான் சொன்னார், "எதுக்கு வெளிய தேடறீங்க? அதான் அசலார் ஒருத்தரு நிக்கிறாரே. அவரையே உக்காரச் சொல்லுங்க."

சிலர் சிரித்தார்கள். பரசுராமன் தலையைத் திருப்பிக்கொண்டார். நான் போய் மாமாவின் கையைப் பிடித்து, "வேணாம் மாமா, கிளம்பலாம்" என்றேன். அவர் என் கையை மெதுவாக எடுத்துவிட்டார்.

உட்கார்ந்தார். அவருடைய அப்பாவின் இலையில், எல்லாப் பங்காளிகளும் பார்க்க, அசலாராக உட்கார்ந்து சாப்பிட்டார். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. சாப்பிட்டு முடித்து இலையை மடித்தார். விருந்துச் சாப்பாட்டில் இலையை நம் பக்கமாக மடிப்போம், கருமாதிச் சாப்பாட்டில்தான் எதிர்ப்பக்கமாக மடிப்பது. மாமா எதிர்ப்பக்கமாக மடித்தார். அதைக் கவனித்தது நான் ஒருவன்தான்.

வண்டியைக் கிளப்பும்போது கவிநிலா வேகமாக வந்தாள். அப்பாவைக் கட்டிப்பிடித்து அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, "அப்பா, இனிமே நீங்க இந்த ஊர்ப் பக்கம் வராதீங்க. கொழந்தைக்கு இங்க மொட்ட போடறப்பக் கூட வேணாம். யாராச்சும் மறுபடியும் மூஞ்சப் பாத்து ஏதாச்சும் சொல்லுவாங்க" என்றாள்.

மாமா அவள் தலையில் கையை வைத்தார். கற்பூரம் சுட்ட கை, நடுவில் கொப்பளித்திருந்தது.

"வரமாட்டேம்மா" என்றார். "நான் யாரு, இங்க வர்றதுக்கு?"